வௌவாலும் பால்சுறாவும்: மெல்லப் பெருகும் இரு உயிர்கள்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, இரண்டு வேறு தொழில்களைச் செய்தவர்கள் அயலவர்களானார்கள். பலாலி, வயாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி ஆகிய ஊர்களின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் செய்த கமக்காரர் ஒரு சாரார். மயிலிட்டி, ஊறணி, காங்கேசன்துறைக் கரைகளில் வள்ளம் இறக்கிய கடற்றொழிலாளர் மறு சாரார். சுன்னாகம், மல்லாகம், கோணப்புலம் முகாம்களிலும், மருதனார்மடம் சுற்றாடலில் உறவினர் வளவுகளிலும் வாடகைக் குடிசைகளிலும் இவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தார்கள். ஒருவர் தொழிலின் கஷ்டத்தை மற்றவர் கேட்டறிய அது ஒரு வாய்ப்பாகவும் அமைந்தது.

கமக்காரர் சொல்லும் முறைப்பாடுகளில் ஒன்று வௌவால். "பழம் கனிந்து வரும் நேரத்தில் ஓர் இரவில் வந்து தின்றுவிட்டுப் போய்விடும்" என்பார்கள். கடற்றொழிலாளர் சொல்லும் முறைப்பாடுகளில் ஒன்று சுறா. "வலையில் பட்ட மீனையும் தின்று வலையையும் கிழித்துவிடும்" என்பார்கள். ஒன்று தோட்டத்துக் கள்ளன், மற்றது கடற் கள்ளன். இரண்டிற்கும் நாம் கொடுத்த பெயர் ஒன்றுதான்.

வானத்தில் பறக்கும் வௌவாலையும் கடலில் நீந்தும் சுறாவையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திரும்பிய காணியை எப்படித் துப்புரவாக்குவது, திரும்பிய கடலில் எப்படித் தொழில் செய்வது என்ற கேள்விகளுக்கு உதவும் ஒரு பாடம் கிடைக்கிறது.

எந்த வௌவால்? எந்தச் சுறா?

வௌவால்களிலும் சுறாக்களிலும் பல இனங்கள் உண்டு. இக்கட்டுரை ஒவ்வொன்றிலும் ஓர் இனத்தையே எடுத்துக்கொள்கிறது.

முதலாவது, பெரிய பழந்தின்னி வௌவால். பழைய ஆலிலும் புளியிலும் பகல் முழுவதும் தலைகீழாகத் தொங்கி, மைமல் பொழுதில் வரிசையாகப் பறந்து போவது இதுதான். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள வௌவால்களில் மிகப் பெரியது. சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல் இருக்கும். நிறை ஒரு கிலோவைத் தாண்டுவதும் உண்டு. முகம் நரியின் முகம் போன்றது. பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் அங்கே மரம் மரமாக இவை தொங்குவதைக் கண்டிருப்பார்கள்.

இரண்டாவது, பால்சுறா. கரையோரத்து மணற்பாங்கான ஆழங்குறைந்த கடலில் வாழும் சிறிய சுறா. பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவில் நின்றுவிடும். சிறுமீன், கணவாய், இறால் முதலியவற்றை உண்ணும். மனிதரைத் தாக்கும் சுறா அல்ல. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கும் என்று சரக்குக்கறி வைத்தும் வறை வறுத்தும் கொடுப்பதால் இதற்குப் பால்சுறா என்று பெயர். ஆங்கிலத்திலும் இதன் பெயர் பால்சுறா என்றே பொருள்படும். அந்தப் பெயர் எம்மவர் நம்பிக்கையிலிருந்தே அங்கும் போனது.

இரண்டும் தம் வகுப்பில் ஒட்டாதவை போலத் தோன்றுகின்றன. வௌவால் பறந்தாலும் பறவை அல்ல. அதற்கு இறகு இல்லை, முட்டை இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும். சுறா மீன் என்றாலும் மற்ற மீன்களைப் போன்றதல்ல. உடலில் முள் இல்லை, குருத்தெலும்பு மட்டுமே உண்டு. சாதாரண மீன் செதிலுக்குப் பதிலாகப் பல்லைப் போன்ற மிக நுண்ணிய முட்கள் தோலை மூடியிருக்கும். அதனால்தான் சுறாத்தோல் அரத்தாள் போலச் சொரசொரக்கிறது.

விவிலியத்தை வாசிப்போர் இன்னொன்றையும் கவனிக்கலாம். லேவியர் நூலின் 11ஆம் அதிகாரம் இரண்டையுமே உண்ணத்தகாதவற்றின் பட்டியலில் சேர்க்கிறது. வௌவாலைப் பறவைகளோடு சேர்த்துப் பெயர் சொல்லி விலக்குகிறது. செதில் இல்லாத நீர்வாழ் உயிர்களை விலக்கும்போது சுறாவும் அதில் அடங்கிவிடுகிறது. புதிய உடன்படிக்கையின் மக்களாகிய எமக்கு அந்த உணவு விதி கட்டாயமல்ல. ஆனால் ஒதுக்கப்பட்ட இந்த இரு உயிர்களையும் ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர்களில் இருவர் திருச்சபையின் குருக்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இரு குருக்கள்

இத்தாலி நாட்டில் பாவியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த லாசரோ ஸ்பலன்சானி ஒரு கத்தோலிக்கக் குரு. 1790களில் அவர் வௌவால்களை இருட்டறையில் பறக்கவிட்டுப் பார்த்தார். ஆந்தை தடுமாறிய கும்மிருட்டில் வௌவால் தடையின்றிப் பறந்தது. பார்வையற்ற வௌவாலும் அவ்வாறே பறந்தது. செவியை அடைத்தால் மட்டும் முட்டி மோதியது. தாம் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே அவை வழி அறிகின்றன என்பதை 1938ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான டொனால்ட் கிரிபின் கருவி கொண்டு நிரூபித்தார். இந்தத் திறமை பூச்சி தின்னும் சிறு வௌவால்களுக்கு உரியது. எமது பெரிய பழந்தின்னி வௌவால் அப்படியல்ல. அது பெரிய கண்களாலும் கூர்மையான மோப்பத்தாலுமே பழத்தைக் கண்டுபிடிக்கிறது. "வௌவாலுக்குக் கண் தெரியாது" என்பது பிழையான பேச்சு.

மற்றவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த நிக்கொலஸ் ஸ்டெனோ. 1666ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோக் கரையில் பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை வெட்டி ஆராய்ந்தார். மலைப் பாறைகளில் கிடைத்த, நாக்குக் கல் என்று மக்கள் அழைத்த கற்கள் உண்மையில் பழங்காலச் சுறாவின் பற்கள் என்று காட்டினார். மண்ணியல் என்ற துறைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவராக அவரைக் கருதுகிறார்கள். பின்னர் கத்தோலிக்கராகி 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1988ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

இவர்கள் இருவரும் செய்த முதல் வேலை, வெறுப்பை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த உயிரைக் கூர்ந்து பார்த்ததுதான். நாமும் அவ்வாறு பார்ப்போம்.

தாய் வயிற்றில் ஒரே வழி

மீன்கள் பொதுவாக ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எலி மூன்று வாரங்கள் கருத்தரித்து ஒரே தடவையில் ஆறு, எட்டு என்று குட்டி போடும். சில வாரங்களில் அந்தக் குட்டிகளும் தாயாகிவிடும். சூடையும் எலியும் இப்படிப் பெருகுவதால், எவ்வளவு பிடித்தாலும் எவ்வளவு கொன்றாலும் மீண்டும் நிரம்பிவிடுகின்றன.

பழந்தின்னி வௌவாலின் கதை வேறு. தாய் ஏறக்குறைய ஐந்து மாதம் கருவைச் சுமக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஒரேயொரு குட்டி. பிறந்த குட்டி தாயின் மார்பைப் பற்றியபடி தொங்கும். முதல் வாரங்களில் தாய் இரை தேடப் பறக்கும்போதும் குட்டியைச் சுமந்தே பறக்கும். குட்டி தானாகப் பறக்க மூன்று மாதமளவில் ஆகும். இரவில் சுடப்பட்டு விழும் ஒரு தாயின் மார்பில் பெரும்பாலும் இன்னொரு உயிரும் ஒட்டியிருக்கும். அல்லது மரத்தில் ஒரு குட்டி காத்திருக்கும்.

பால்சுறாவின் கதையும் இதற்கு மிக அருகில் வருகிறது. அதுவும் முட்டையிடுவதில்லை. தாயின் வயிற்றில் குட்டி முதலில் தன் கருவுணவை உண்டு வளரும். அது தீர்ந்ததும் அந்தக் கருவுணவுப் பை தாயின் கருப்பைச் சுவரோடு ஒட்டி நச்சுக்கொடி போலாகிவிடும். பின்னர் தொப்புள்கொடி வழியாகவே தாயிடமிருந்து உணவு போகும். கருக்காலம் ஓராண்டளவு. பிறப்பவை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள். சுறா வெட்டும் பெண்கள் வயிற்றினுள் கொடியோடு குட்டிகளைக் கண்டிருப்பார்கள். புதிதாகப் பிறந்த குட்டியின் அடிப்பக்கத்தில், இரு முன் செட்டைகளுக்கு நடுவே, தொப்புள் தழும்பையும் காணலாம். சில சுறாக்களின் குட்டிகள் இவ்வாறு கொடியால் தாயோடு இணைந்திருப்பதைக் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டோட்டில் எழுதிவைத்தார். பலர் அதை நம்பவில்லை. 1842இல் ஜேர்மன் நாட்டு அறிஞர் யோகான்னஸ் முல்லர் அது சரியென்று உறுதிப்படுத்தினார்.

வேறுபாடும் உண்டு. பெயரில் பால் இருந்தாலும் பால்சுறா தன் குட்டிக்குப் பால் கொடுப்பதில்லை. பிறந்த கணத்திலேயே குட்டி தனியே நீந்திப் போய் ஆழங்குறைந்த கரையோரத்தில் தன் பாட்டைப் பார்க்கும். வௌவாற் குட்டியோ மாதக்கணக்கில் தாயை நம்பியிருக்கும். ஆனால் இரண்டிலும் ஓர் உண்மை பொதுவானது: தாய் மிகச் சில குட்டிகளுக்காகத் தன் உடலின் பலத்தைச் செலவிடுகிறது. அதனால் ஒரு தாயின் இழப்பு அந்த இனத்துக்குப் பெரிய இழப்பு.

ஓர் எளிய கணக்கு

ஓர் ஆலமரத்தில் 200 வௌவால்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அரைவாசி பெண். எல்லாத் தாயும் குட்டி போட்டு எல்லாக் குட்டியும் தப்பினால்கூட ஆண்டுக்கு 100தான் கூடும். ஆனால் மின்கம்பியில் அடிபட்டும், காற்றில் விழுந்தும், நோயாலும் பல குட்டிகள் இறக்கும். பெண் குட்டி வளர்ந்து தாயாவதற்கும் காலம் செல்லும். ஒரே இரவில் 60 தாய் வௌவால்களைச் சுட்டால் அந்த மரம் மீண்டும் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் எடுக்கும். சுறாவுக்கும் இதே கணக்குத்தான். வயிற்றில் நான்கு குட்டியோடு ஒரு தாய் பிடிபட்டால் ஐந்து உயிர் போகிறது. அதை ஈடுசெய்ய இன்னொரு தாய் இன்னும் ஓராண்டு சுமக்க வேண்டும்.

இது வெறும் கணக்கல்ல, உலகம் கண்ட அனுபவம். எம்மவர் பலர் குடியேறி வாழும் மொரிசியஸ் தீவில் லீச்சி, மாம்பழச் செய்கையாளரின் முறைப்பாட்டையடுத்து அரசாங்கம் 2015, 2016ஆம் ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான பழந்தின்னி வௌவால்களைக் கொன்றது. அது அத்தீவுக்கும் சுற்றுத் தீவுக்கும் மட்டுமே உரிய இனம். கொன்ற பின்னரும் செய்கையாளரின் இலாபம் கூடவில்லை என்று பின்னர் ஆய்வு காட்டியது. 2018ஆம் ஆண்டில் அந்த வௌவால் அழியும் ஆபத்து மிகுந்த இனமாக அறிவிக்கப்பட்டது. வௌவாலும் போனது, பழமும் கூடவில்லை.

கடலிலும் இவ்வாறே. ஆழ்கடற் சுறா, திருக்கை இனங்களின் தொகை 1970க்கும் 2018க்கும் இடையில் ஏறக்குறைய 71 வீதம் குறைந்துவிட்டது என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எமது பால்சுறாவும் 2020ஆம் ஆண்டில் சர்வதேசச் செம்பட்டியலில் அழியக்கூடிய இனமாகப் பதியப்பட்டது. அதே பட்டியலில் எமது பெரிய வௌவாலுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வருமுன் காப்பதே அறிவு.

பயத்தையும் அளந்து பார்க்க வேண்டும். மனிதர் சீண்டாமல் சுறா மனிதரைக் கடிக்கும் சம்பவங்கள் உலகம் முழுவதிலும் ஓராண்டில் நூறைத் தொடுவதில்லை. மனிதர் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குப் பத்துக் கோடியளவு என 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இவை எமக்குச் செய்வது

இலுப்பை மரத்தை எடுத்துக்கொள்வோம். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம். அதன் பூ இரவில் விரியும். தேன்போல இனிக்கும் சதைப்பற்றான அந்தப் பூவைத் தேடி வௌவால் வரும். வரும்போது மகரந்தத்தை ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குக் கொண்டுபோகும். பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் போட்டுவிடும். இலவம், புன்னை, வேம்பு, ஆல், அத்தி என்று இந்த உதவியைப் பெறும் மரங்கள் பல. வௌவால் பழச்சாற்றை மட்டும் விழுங்கிச் சக்கையைத் துப்பும். ஆல், அத்தியின் நுண்ணிய விதைகள் அதன் எச்சத்தோடு பறக்கும் வழியெங்கும் விழும். மலேசியாவின் தியோமன் தீவில் 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பழந்தின்னி வௌவால்கள் டூரியன் பூவை அழிக்கவில்லை, மகரந்தச் சேர்க்கை செய்து காய்க்க உதவுகின்றன என்று இரவுக் கமராக்கள் காட்டின.

1990இல் விட்டு வந்து, 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபத்தேழு ஆண்டுகளில் வீடு இடிந்திருந்தது, வேலி இல்லாமற் போயிருந்தது, ஆனால் மரங்கள் வளர்ந்திருந்தன. எவரும் நடாத மரங்கள் அவை. காற்றும் பறவையும் வௌவாலும் போட்ட விதைகள். நாம் இல்லாத காலத்தில் எமது காணியில் இவை செய்த வேலை அது.

சுறா கடலில் செய்யும் வேலை கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. அது வேட்டையாடும் மீன். வேட்டையாடும் மீன் எப்போதும் தான் உண்ணும் மீனைவிடத் தொகையிற் குறைவு. ஆகவே சுறா உள்ள கடல், அதற்கு இரை போதுமான அளவு உள்ள கடல். சுறா அற்றுப்போன கடலில் ஏதோ ஓர் ஒழுங்கு குலைந்துவிட்டது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். குலைத்தவர் வள்ளத்தில் போகும் சிறு தொழிலாளி மட்டுமல்ல. அடிக்கடலை வாரி எடுக்கும் இழுவைமடி குட்டியையும் தாயையும் பேதம் பாராமல் அள்ளுகிறது. இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. அதை நடைமுறைப்படுத்தக் கேட்பது கடற்றொழிலாளரின் உரிமை. அது சுறாக் குட்டிக்கும் நன்மை.

மருந்து என்ற நம்பிக்கை

இவ்விரு உயிர்களையும் எம்மவர் மருந்தாக நினைப்பதும் ஓர் ஒற்றுமை. வௌவால் இறைச்சி இழுப்பு நோய்க்கு நல்லது என்பார்கள். சுறா தாய்ப்பாலுக்கு நல்லது என்பார்கள்.

வௌவால் இறைச்சி இழுப்பைக் குணமாக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. இழுப்புக்கு இன்று வைத்தியசாலையில் உள்ளிழுக்கும் மருந்து உண்டு. பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது வௌவால் தேடித் திரிவது ஆபத்து. வௌவாலைப் பிடித்து உரிப்பதால் நோய் தொற்றும் அபாயமும் உண்டு.

சுறா இறைச்சியில் புரதம் உண்டு என்பது உண்மை. ஆனால் பால் சுரப்பது பிள்ளை நன்றாக உறிஞ்சிக் குடிப்பதாலும், தாய் வயிறாரச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து ஓய்வெடுப்பதாலுமே. வேட்டையாடும் மீன்களின் உடலில் பாதரசம் சேர்கிறது. பெரிய சுறாவில் அது அதிகம். இந்த நஞ்சு சிசுவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பிரித்தானியச் சுகாதாரத்துறை கர்ப்பிணிகளும் சிறுவரும் சுறா உண்ணவேண்டாம் என்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாலூட்டும் தாய்மாருக்கும் அதையே சொல்கிறது. பால்சுறா சிறியது என்பதால் ஆபத்துக் குறைவு என்றாலும், சூடை, கீரி போன்ற சிறுமீனும் முருங்கையிலையும் பயறும் முட்டையும் அதே பலனைத் தரும். சரக்குக்கறியின் மிளகும் சீரகமும் உள்ளியும் சூடைக்கும் பொருந்தும். அம்மாமார் இதைக் கோபியாமல் கேட்க வேண்டும். மருமகளில் உள்ள அக்கறையால்தான் சுறா வாங்கிவருகிறீர்கள். அந்த அக்கறையையே வேறு மீனில் காட்டச் சொல்கிறோம்.

நோய்ப் பயம்: எது உண்மை?

2020 டிசெம்பரில் மருதனார்மடம் சந்தையை மையமாகக் கொண்டு கொரோனாத் தொற்றுப் பரவியதை இங்குள்ள எவரும் மறக்கவில்லை. மரக்கறி கொண்டுவந்த கமக்காரரும் வாங்கிய வியாபாரியும் தனிமைப்படுத்தப்பட்டார்கள், சந்தை மூடப்பட்டது, விளைந்தது விற்க வழியின்றிப் போனது. அக்காலத்தில் "எல்லாம் வௌவாலால் வந்தது" என்ற பேச்சும் எழுந்தது. கொரோனாக் கிருமிக்கு மிக நெருங்கிய கிருமிகள் சீனாவிலும் லாவோசிலும் உள்ள வேறொரு குடும்பத்து வௌவால்களில் காணப்பட்டன. அவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். எமது ஆலமரத்து வௌவால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. சந்தையில் நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவியது.

ஆயினும் அவதானம் தேவைப்படும் ஒரு நோய் உண்டு. நிபா என்ற அந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களில் வாழ்கிறது. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகள் வழியாகப் பரவி 105 பேரைக் கொன்றது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் 17 பேர் இறந்தனர். வங்காளதேசத்தில் வௌவால் வாய்வைத்த பச்சை ஈச்சஞ்சாற்றைக் குடித்தவர்களுக்கு இது தொற்றியிருக்கிறது. அங்கு கண்ட பரிகாரம் எளியது: சாறு வடியும் இடத்தையும் பானையையும் மூங்கிற் பின்னலால் மூடிவிட்டார்கள். பனையில் முட்டி கட்டும் எமக்கும் இது பொருந்தும். வௌவாலைக் கொல்வது பரிகாரமல்ல. கூட்டத்தைக் கலைத்தால் அவை சிதறி வேறு ஊர் மரங்களுக்குப் போகும், அவ்வளவுதான்.

சட்டமும் சமயமும் சொல்வது

அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் என்ற உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் பழந்தின்னி வௌவால்கள் உள்ளன. 2022ஆம் ஆண்டு பனாமாவில் கூடிய மாநாடு பால்சுறா அடங்கிய சுறாக் குடும்பம் முழுவதையும் அதே பட்டியலில் சேர்த்தது; 2023 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. லேவியர் நூலின் பட்டியலில் ஒன்றாக இருந்த இரண்டும் இன்று காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் ஒன்றாக இருக்கின்றன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர் என்று எழுதியிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தத் தீங்குயிர் அட்டவணையே நீக்கப்பட்டது.

சட்டம் வருமுன்னரே காத்த கிராமங்களும் உண்டு. மதுரைக்குக் கிழக்கே புளியங்குளம் என்ற ஊரில் முனி உறையும் ஆலமரத்தில் தொங்கும் வௌவால்களை ஊரார் எவரும் தொடுவதில்லை என்று மதுரை ஆய்வாளர் மாரிமுத்து 1988இல் எழுதினார். சமயம் எதுவாயினும், ஊர் முழுவதும் ஒரு மனதாக எடுத்த முடிவு அங்கே வேலியாக நிற்கிறது.

எமது விவிலியத்திலும் இதற்கு ஒரு நெறி உண்டு. இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம், வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சை எடுத்தாலும் தாயைப் போகவிடு என்று கட்டளையிடுகிறது. பசித்தவன் உண்ணக் கூடாது என்று அது சொல்லவில்லை. நாளைக்குரிய ஊற்றை அடைக்காதே என்கிறது. பாலைவனத்தில் நாற்பது ஆண்டு அலைந்து, சொந்த நிலத்துக்குள் நுழையவிருந்த மக்களுக்கே இந்தக் கட்டளை கொடுக்கப்பட்டது. நிலம் திரும்பக் கிடைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட மனம் துடிக்கும் என்பதைக் கடவுள் அறிந்திருந்தார். 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலும் ஒவ்வோர் உயிருக்கும் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்று கற்பிக்கிறது.

இழந்தவனிடம் போய் "வௌவாலுக்கு விட்டுக்கொடு" என்று சொல்வது எளிதல்ல என்பதை நாம் உணர்கிறோம். ஒரு பந்தல் முந்திரிகை போனால் ஒரு வருடக் கடன் நிற்கும். கிழிந்த வலைக்கு எவரும் நட்டஈடு தருவதில்லை. ஆகவே விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இழப்பைத் தடுப்பதற்கும் பழிவாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காணச் சொல்கிறோம். பழத்தை மூடினால் பழம் மிஞ்சும். மரத்தைத் தறித்தால் பழமும் மிஞ்சாது, மரமும் மிஞ்சாது. அறுபது ஆண்டு வளர்ந்த ஆலை ஒரு பகலில் வாளால் அறுக்கலாம். அதை மீண்டும் காண எமது பேரப்பிள்ளைகள் கிழவராக வேண்டும்.

செய்யக்கூடியவை

1. முந்திரிகைப் பந்தலுக்குச் சுண்டுவிரல் நுழையாத சிறு கண் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த தங்கூசி வலையைப் போடாதீர்கள். வௌவாலும் ஆந்தையும் பாம்பும் சிக்கி இறக்கும், பழமும் தப்பாது.

2. வாழைக்குலையை முற்றியதும் வெட்டி வீட்டில் பழுக்க வையுங்கள். வீட்டு மாமரத்தில் எட்டக்கூடிய காய்களுக்குக் கடதாசிப் பை கட்டுங்கள்.

3. வௌவால் கடித்த பழத்தை மனிதரும் உண்ணவேண்டாம், பன்றிக்கும் ஆட்டுக்கும் போடவேண்டாம். பழங்களைக் கழுவி உண்ணுங்கள். கருப்பநீர் முட்டியை மூடிக் கட்டுங்கள்.

4. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

5. காணி துப்புரவாக்கும்போது வௌவால் தங்கும் மரத்தைக் குறித்து வையுங்கள். கிணற்றுக்கோ வீட்டுக்கோ இடையூறு இல்லையெனில் விட்டுவிடுங்கள். தறிக்கவே வேண்டுமாயின் குட்டிக் காலம் கழியட்டும்.

6. உயிரோடு வலையில் வரும் சுறாக் குட்டியையும் வயிறு பெருத்த தாயையும் கடலில் விடுங்கள். சந்தையில் குட்டிச் சுறா வாங்குவதைத் தவிருங்கள். வாங்குவோர் இல்லையெனில் கொண்டுவருவோரும் குறைவர்.

குழுவாகக் கூடிப் பேச

அ) எமது ஊரில் வௌவால் தங்கும் மரங்கள் எத்தனை? இடப்பெயர்வுக்கு முன் எத்தனை இருந்தன? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

ஆ) கடந்த பருவத்தில் வௌவாலால் உண்மையில் எவ்வளவு பழம் இழந்தோம்? விலை வீழ்ச்சியால் எவ்வளவு இழந்தோம்? இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இ) எமது கிராமத்தில் கமக்காரரும் கடற்றொழிலாளரும் சேர்ந்து எடுக்கக்கூடிய ஒரு முடிவு எது?

"வௌவால் வீட்டுக்குப் போன விருந்தாளியும் தலைகீழாகத்தான் தொங்க வேண்டும்" என்று எம்மவர் பகிடியாகச் சொல்வதுண்டு. பிறர் வளவில் பல ஆண்டுகள் அவ்வாறே தொங்கி வாழ்ந்தவர்கள் நாம். ஓர் உயிர் தன் இடத்தை இழப்பது என்ன என்பதை வேறு எவரைவிடவும் நன்றாக அறிந்தவர்கள். அந்த அறிவை எமது தோட்டத்திலும் எமது கடலிலும் பயன்படுத்துவோம்.